செய்முறை நாளில் பிள்ளையை மறிக்க வேண்டாம்

உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் பெண்பிள்ளை உள்ள வீடுகளை எனக்கு நன்றாகத் தெரியும். சுபஹோடு எழும்பி, தேநீரைக் குடித்தும் குடியாமலும் பிள்ளை ஓடும். ஏழரைக்குப் பாடசாலை. ஒன்றரைக்கு விட்டால் இரண்டரைக்கு டியூஷன். இரவில் கடந்தகால வினாத்தாள். அந்த வீட்டில் உம்மா படும் பாடு பிள்ளை படும் பாட்டிலும் குறைந்ததல்ல. "இந்த ரெண்டு வருஷமும் போனாப் போதும்" என்று சொல்லாத தாயை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அந்தத் தாய்மாரோடு ஒரு விஷயம் பேச வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அம்பாறை மாவட்டக் கரையோரத்தில், முஸ்லிம் பெண்பிள்ளைகள் படிக்கும் பாடசாலை ஒன்றில் 1991 முதல் 2022 முடிவு வரை இரசாயனவியல் படிப்பித்தவள் நான். உயிரியலுக்கு ஆசிரியை இல்லாத தவணைகளில் (அவை ஒன்றிரண்டல்ல) அந்தச் செய்முறைகளையும் நானே பார்த்துக்கொண்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு பாடங்கள் இருந்தன. 2000ஆம் ஆண்டுப் பரீட்சையோடு அவை இரண்டும் உயிரியல் என்ற ஒரே பாடமாயின. பாடத்திட்டம் எத்தனை தரம் மாறினாலும் ஆய்வுகூடத்தின் மணம் மட்டும் மாறவில்லை.

எங்கள் நேரசூசியில் புதன்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளும் செய்முறைக்கு. இரண்டும் சேர்ந்து 80 நிமிடம். சாமான்களை எடுத்து வைக்கப் பத்து நிமிடம், கழுவித் துடைத்து அலுமாரியில் வைக்கப் பதினைந்து நிமிடம் போனால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். ஆகவே மணி அடித்த பிறகும் அரை மணி, முக்கால் மணி என்று இழுபடும். அங்கேதான் எனக்கும் உம்மாமாருக்கும் வழக்கு.

"டீச்சர், புதன்கிழமை மட்டும் புள்ளய வெள்ளன விட்டிருங்க. கிளாஸுக்குப் பிந்துது. இதுக்குச் சோதினையில மார்க்ஸ் இல்லதானே?"

அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. உயர்தரப் பரீட்சையில் உயிரியலுக்கோ இரசாயனவியலுக்கோ தனியாகச் செய்முறைப் பரீட்சை நடப்பதில்லை. செய்முறை அறிவைக் காகிதத்தில்தான் கேட்கிறார்கள். அளவியின் படத்தைப் பார்த்துப் பெயர் எழுதினால் புள்ளி. நிறம் எதிலிருந்து எதற்கு மாறும் என்று எழுதினால் புள்ளி. அந்த நிறத்தைப் பிள்ளை ஒரு நாளும் கண்டிராவிட்டாலும் புள்ளி கிடைக்கும். டியூஷன் கொட்டகையில் ஐந்நூறு பேருக்கு முன்னால் நின்று ஒரு சேர் அதை வெண்பலகையில் கீறிக் காட்டி, எழுதவும் வைத்துவிடுவார். டியூஷனை நான் குறை சொல்ல வரவில்லை. அதனால் கரை சேர்ந்த பிள்ளைகள் எங்கள் ஊரிலேயே எத்தனையோ பேர். ஆனால் 13ஆம் தரம் இரண்டாம் தவணைக்கு வந்துவிட்டால் என் ஆய்வுகூடத்தில் இருபத்தைந்து பிள்ளைக்குப் பதிலாக நாலு பிள்ளை நிற்கும். அந்த நாலும் பெரும்பாலும் டியூஷனுக்குக் காசு இல்லாத வீட்டுப் பிள்ளைகள்.

அந்த 80 நிமிடத்தில் அப்படி என்ன நடக்கிறது என்று கேட்பீர்கள். சும்மா சொல்வதிலும் நடந்ததைச் சொல்கிறேன்.

அளவி என்பது 50 கன சென்ரிமீற்றர் கொள்ளும் நீண்ட கண்ணாடிக் குழாய். அடியில் ஒரு திருகு. அதைத் திருகித் துளித்துளியாகக் கரைசலை விடவேண்டும். குழாய்க்குள் நிற்கும் நீரின் மேற்பரப்பு நேராக இராது; நடுவில் பள்ளமாக வளைந்திருக்கும். அதற்கு எங்கள் பாடநூல் வைத்திருக்கும் பெயர் பிறையுரு. "றமழான் பிறையை அண்ணாந்து பார்க்கலாம், இந்தப் பிறையைக் கண்ணுக்கு நேரே பார்க்க வேணும் புள்ள" என்று ஒவ்வொரு வருடமும் புது வகுப்புக்குச் சொல்வேன். மேலே இருந்து பார்த்தால் ஒரு வாசிப்பு, கீழே இருந்து பார்த்தால் வேறொன்று. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் பாதியைக்கூடக் கணித்து, 0.05 வரை எழுதவேண்டும்.

ஒரு வருடம், 2009 என்று நினைவு, வீட்டில் பாவிக்கும் வினாகிரியைக் கொண்டு வரச் சொன்னேன். வினாகிரியில் இருப்பது அசற்றிக் அமிலம். ஏறத்தாழ 4 சதவீதம் இருக்கவேண்டும். அதைப் பத்து மடங்கு ஐதாக்கி, 25 கன சென்ரிமீற்றரைக் குழாயியால் எடுத்துக் குடுவையில் விட்டு, இரண்டு துளி பினோத்தலீன் சேர்த்து, அளவியிலிருந்து சோடியம் ஐதரொட்சைட்டை விடுவதுதான் வேலை. தண்ணீர் போலக் கிடந்த கரைசலில் ஒரு துளி விழும்போது ரோசாப்பூ நிறம் தோன்றி, ஆட்டியதும் மறையும். அடுத்த துளி, அதுவும் மறையும். பிறகு ஒரு துளியில் அந்த மெல்லிய நிறம் வந்து அப்படியே நின்றுவிடும். அந்தத் துளியோடு கை நிற்க வேண்டும். கூட ஒரு துளி விழுந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நாங்கள் எடுத்த செறிவுக்கு, 4 சதவீத வினாகிரி என்றால் வாசிப்பு 16.7 அளவில் வரும்.

முதல் மேசை 16.80. அடுத்தது 16.75. மூன்றாவது மேசையிலிருந்து எல்லாம் 16.75. வினாகிரி வேறு, போத்தல் வேறு, வாசிப்பு மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்? ஆசிரியைக்குத் தெரியாதா! ஐந்தாவது மேசையில் ஒரு பிள்ளை அழுவார் போல நிற்கிறது. அதன் கொப்பியில் 9.20. அடித்து எழுதும்படி கூட்டாளிமார் நெருக்குகிறார்கள். "டீச்சர் ஏசுவா, 16.70 எண்டு போடு" என்பது எனக்கே கேட்டது. பிள்ளை போடவில்லை. "நான் மூணு தரம் பார்த்தன் டீச்சர். 9.20, 9.15, 9.20. வேற எழுத ஏலா" என்றது.

போத்தலை இன்னொரு மேசைக்குக் கொடுத்து, வேறு அளவியில் செய்யச் சொன்னேன். அங்கும் 9.20தான். கணக்குப் பார்த்தால் 2.2 சதவீதம். அரைக்கு அரை தண்ணீர். சில்லறைக் கடையில் கானிலிருந்து அளந்து ஊற்றிக் கொடுத்த வினாகிரி அது. அன்று வகுப்பிலே ஒழுங்கான வாசிப்பு என்று நான் கையெழுத்து வைத்தது முதல் இரண்டு மேசைக்கும் அந்தப் பிள்ளைக்கும் மட்டும்தான். மற்றவர்கள் அடுத்த புதனும் நின்று செய்தார்கள்.

கிழமை கழித்து அந்தப் பிள்ளையின் உம்மா பாடசாலைக்கு வந்தார். முறைப்பாட்டுக்கு அல்ல. அவர் போட்ட அச்சாறு இரண்டு தரம் பூஞ்சணம் பிடித்துப் போனதாம். "மாமி ஈரக் கரண்டி போட்டிருப்பா எண்டு நான் மனசில வச்சிக்கிட்டுத் திரிஞ்சன் டீச்சர்" என்றார். அமிலம் குறைந்தால் பூஞ்சணத்துக்கு வாசல் திறந்த மாதிரி. மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையில் ஓர் அளவி புகுந்து தீர்ப்புச் சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

அந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் போகவில்லை. இசட் புள்ளி போதவில்லை. கலியாணமாகி இப்போது மூன்று பிள்ளைகளின் தாய். சில மாதங்களுக்கு முன் வீட்டுக்குப் போயிருந்தேன். சின்னதுக்குக் காய்ச்சல். மருந்துப் பாணியை அளவு மூடியில் விட்டு, குனிந்து, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையின் வாயில் விட்டாள். போத்தலில் எழுதியிருந்த அளவைப் பிள்ளையின் நிறையோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தும் வைத்திருந்தாள். மார்க்ஸ் இல்லாத படிப்பு என்கிறோமே, அது இதுதான்.

இனி உயிரியல். வெங்காயத்தின் உள்ளுரியை உரித்து, வழுக்கியில் வைத்து, ஒரு துளி அயடீன் இட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பது எல்லோரும் செய்வது. முதல் நாளில் பாதி வகுப்பு வளிக்குமிழியைத்தான் கலம் என்று கீறிக்கொண்டு வரும். கறுப்பு வளையம் தடிப்பாக, அழகாக இருக்குமல்லவா! கலம் அவ்வளவு அழகு காட்டாது. செங்கல் அடுக்கிய மாதிரி மெல்லிய கோடுகள், உள்ளே ஒரு புள்ளி. ஒளித்தொகுப்புச் செய்முறையை மார்கழி மாரியில் வைத்தால் எங்கள் பக்கம் சரிவராது. வெயில் இல்லாவிட்டால் இலையில் மாப்பொருள் ஏது? அந்தச் செய்முறையில் இலையின் பச்சையைக் கழற்ற மதுசாரம் வேண்டும். "அது ஹராமில்லையா டீச்சர்?" என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது கேட்கும். குடிக்க அல்ல பிள்ளை, இலையை அவிக்க என்பேன். அல்ககோல் என்ற சொல்லே அல்குஹ்ல் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது, அதற்குச் சுருமா என்று பொருள் என்று சொன்னால் வகுப்பு வாய் திறந்து கேட்கும். மதுசாரத்தை நேரே நெருப்பில் வைக்காமல் சுடுநீருக்குள் வைத்துச் சூடாக்குவது ஏன் என்பதை அதற்குப் பிறகு அவர்கள் மறப்பதில்லை.

ஆனால் உயிரியலில் என் மனதில் நிற்பது இதயம் வெட்டிய நாள். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கிழமை. ஒரு பிள்ளை வீட்டிலிருந்து மாட்டின் இதயத்தைக் கொண்டு வந்திருந்தது. இரண்டு கையாலும் ஏந்தவேண்டிய சாமான். வகுப்பில் பாதி மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறது. ஒரு பிள்ளையை அழைத்துப் போக வந்த உம்மா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்ட மகள் ரத்தம் கண்டா மயங்கிருவா டீச்சர்" என்றார். கிழமைக்கு இரண்டு நாள் இறைச்சி கழுவும் வீடுதான்! ஆனாலும் நம்முடைய பெண்பிள்ளைகளைப் பற்றி நாமே இப்படிச் சொல்லி வைத்திருக்கிறோம்.

பிள்ளைகள் கத்தியைப் பிடித்த விதம் அவருக்குப் பொறுக்கவில்லை. "இஞ்ச கொண்டாங்க" என்று உள்ளே வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மேலே படிந்திருந்த கொழுப்பை இரண்டு இழுப்பில் கழற்றி வைத்தார். என் கைக்குக்கூட அந்த லாவகம் வராது. பிறகு நான் சொன்ன இடத்தில் நீளப்பாட்டுக்கு வெட்டினார். இடது இதயவறையின் சுவரும் வலது இதயவறையின் சுவரும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. வலது பக்கம் மெல்லியது. இடது பக்கம் அதைப்போல் மூன்று மடங்கு தடிப்பு. ஏன் என்று பிள்ளைகளைக் கேட்டேன். புத்தகத்தில் படித்ததுதான்: வலது பக்கம் பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு மட்டும் இரத்தத்தைத் தள்ளுகிறது, இடது பக்கம் தலை முதல் கால் வரை தள்ளவேண்டும். ஆனால் விரலால் அந்தச் சுவரைப் பிடித்துப் பார்த்துச் சொன்ன பதில் வேறு மாதிரி இருந்தது.

பெருநாடிக்குள் குழாய்த் தண்ணீரை விட்டோம். தண்ணீர் கீழே இறங்கவில்லை. அரைமதி வால்வின் மூன்று பைகளும் நிரம்பி, ஒன்றோடொன்று முட்டி வாசலை அடைத்துக்கொண்டன. செத்த இதயத்திலும் கதவு தன் வேலையைச் செய்கிறது. "சுப்ஹானல்லாஹ்" என்றார் அந்த உம்மா, எங்கள் எல்லோருக்கும் முன்னால். பிறகு உள்ளே வெள்ளை நூல் போல இழுபட்டுக் கிடந்ததைக் காட்டி, "இது என்ன டீச்சர்? நான் நரம்பெண்டு வெட்டி எறியிற" என்று கேட்டார். அது நரம்பல்ல. சோணையறைக்கும் இதயவறைக்கும் இடையிலுள்ள வால்வு, இதயம் சுருங்கும்போது மறுபக்கம் புரண்டுவிடாமல் இழுத்துப் பிடிக்கும் நாண். குடை காற்றில் மடங்காமல் கம்பி பிடித்திருப்பதைப் போல என்று விளங்கப்படுத்தினேன். மயங்கிவிடுவாள் என்று சொல்லப்பட்ட மகள் உம்மாவுக்குப் பக்கத்தில் நின்று அந்த நாண்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து புதன்கிழமைக் கோரிக்கை வரவில்லை.

2005ஆம் ஆண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 எங்கள் கரையில் என்ன செய்தது என்பது நாடறிந்தது. மீண்டும் திறந்த வகுப்பில் நான் கண்டதை எழுத இன்றும் கை வரவில்லை. கிணறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கடல் புகுந்த கிணறுகள் எல்லாம் உவர்த்துப் போயிருந்தன. ஆய்வுகூடத்தில் கீழ்த் தட்டில் இருந்தவை போய், மேல் தட்டில் சில போத்தல்கள் தப்பியிருந்தன. அதில் ஒன்று வெள்ளி நைத்திரேற்று. விலை கூடிய சாமான், சிக்கனமாகப் பாவித்து வந்தது.

வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஜாம் போத்தலில் கொண்டு வரச் சொன்னேன். கடற்கரை வீதியில் தொடங்கி, பிரதான வீதி, அதைத் தாண்டி வயல் பக்கம் என்று சோதனைக் குழாய்களை வரிசையாக நிறுத்தினோம். ஐதான நைத்திரிக் அமிலம் இரண்டு துளி, பிறகு வெள்ளி நைத்திரேற்று இரண்டு துளி. உப்பிலுள்ள குளோரைட்டோடு அது சேர்ந்தால் வெள்ளை வீழ்படிவு விழும். கடற்கரை வீதிக் குழாயில் தயிர் போலத் திரண்டது. பிரதான வீதியில் கஞ்சித் தண்ணீர். வயல் பக்கம் லேசான புகார். காய்ச்சி வடித்த நீரில் ஒன்றுமில்லை. யாரும் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை. தங்கள் ஊர் வரிசையாக நிற்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த நாட்களில் கிணறுகளை மோட்டார் வைத்து இறைத்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் இறைத்தார்கள். ஒரு பிள்ளை இறைத்த பிறகு எடுத்த தண்ணீரைக் கொண்டு வந்தது. முன்னையிலும் தடிப்பாக விழுந்தது. கடற்கரை மணலில் நல்ல தண்ணீர், உவர்த் தண்ணீருக்கு மேலே மிதந்துதான் நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கும் உவர் மேலே ஏறும். அதை அந்தப் பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னது, வாப்பா மோட்டாரை நிறுத்தினார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்புப் போகாது என்பதையும், இந்தச் சோதனை உப்பை மட்டும்தான் காட்டும், கிருமியைக் காட்டாது என்பதையும் சேர்த்தே சொல்லி அனுப்பினேன். வெள்ளி நைத்திரேற்றுப் பட்ட விரல்கள் நாட்கணக்கில் கறுத்துக் கிடந்தன. அந்த வருடம் மருதோன்றி வைக்க மனமில்லாதிருந்த கைகள் அவை.

செய்முறை ஆபத்து என்று பயப்படும் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படுவது நல்லது. செய்முறை நாளில் பிள்ளைக்குப் பருத்தித் துணியையே அனுப்புங்கள். நைலோன் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பர்தாவின் நுனிகள் மேலங்கிக்குள் போகவேண்டும். தொங்கவிட்டுக்கொண்டு சுடரடுப்புக்குக் கிட்டப் போகக்கூடாது. 2022இல் எரிவாயு கிடைக்காமல் ஸ்பிரிட் விளக்கில் ஒப்பேற்றிய நாட்களிலும் இந்த விதியை நான் தளர்த்தவில்லை. ஆனால் நான் கேட்ட விபத்துகளில் கூடுதலானவை வீட்டில்தான் நடந்தன. மலசலகூடம் கழுவும் அமிலத்தையும் வெளுக்கும் திரவத்தையும் சேர்த்து ஊற்றினால் இரட்டிப்புச் சுத்தம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சேர்ந்தால் வருவது குளோரீன் வாயு. வளியிலும் பாரமானது, நிலத்தோடு படியும். தவழும் பிள்ளைக்குத்தான் முதலில் படும். எங்கள் மாணவி ஒருத்தி அந்த மணத்தை வகுப்பில் அறிந்திருந்தபடியால், உம்மாவையும் தம்பியையும் வெளியே இழுத்துக்கொண்டு வந்து, வாசலையும் ஜன்னலையும் திறந்து வைத்தாள்.

இப்போது என் இடத்தில் இருக்கும் டீச்சர் இளம்பிள்ளை, என்னிடம் படித்தவள். போன கிழமை வந்து, புதன்கிழமைக்கு ஆறு பேர்தான் வருகிறார்கள் என்று வருத்தப்பட்டாள். உங்கள் பிள்ளையும் அந்த வகுப்பில் இருந்தால் அந்த ஒரு நாளைக்கு மாத்திரம் மூன்று மணி வரை விட்டுவிடுங்கள். டியூஷன் சேரிடம் நேரம் மாற்றக் கேட்டால் மாட்டேன் என்று சொல்பவர்கள் குறைவு. கூட்டிப்போக ஆளில்லை என்றால் ஒரே வீதிப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு ஓட்டோ பேசலாம். எங்கள் காலத்தில் அப்படித்தான் செய்தோம்.

வருகிற ஹஜ்ஜுப் பெருநாளில் உங்கள் வீட்டில் குர்பான் இருந்தால் ஓர் இதயத்தை ஒதுக்கி வையுங்கள். அறுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலேயுள்ள குழாய்களை ஒட்ட நறுக்கி, இதயத்தையும் நாலாகக் கீறிவிடுவார். நாலு விரல் நீளத்துக்குக் குழாய்கள் இருக்கட்டும். உப்புப் போட வேண்டாம். கழுவி, பொலித்தீனில் சுற்றி ஐஸில் வைத்து, பாடசாலை திறக்கும் அன்று பிள்ளையிடம் கொடுத்துவிட்டால் போதும்.